கடைசி கோல் அடித்தவர் கோச் ஆனபோது

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர், கட்டிங், பண்டில் கணக்கு பார்க்கிற சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கம்பெனியில் உட்கார்ந்திருந்தபோது, பெல்ஜியத்திலிருந்து பையர் தரப்பில் ஒருவர் வந்திருந்தார். சாம்பிள் ரூமில் கால்பந்து ரசிகர்களுக்கான சிவப்பு டி-சர்ட்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பேச்சு அப்படியே கால்பந்துக்குப் போனது. எனக்கும் கொஞ்சம் தெரியும்னு காட்டிக்கொள்ள "மார்க் வில்மோட்ஸ்" என்று ஒரு பெயரை எடுத்து விட்டேன். மனுஷர் முகமே மாறிவிட்டது. "அது கோல்தான்" என்றார்.

எந்த கோல் என்று பலருக்கு ஞாபகம் இருக்காது. 2002 உலகக் கோப்பை, ஜப்பானின் கோபே நகரம், ஜூன் 17. பிரேசிலுக்கு எதிரான நாக்அவுட் ஆட்டம், இன்னும் யாரும் கோல் போடவில்லை. பெல்ஜியம் கேப்டன் வில்மோட்ஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. தடுப்பாட்டக்காரரைத் தள்ளிவிட்டார் என்று நடுவர் அந்த கோலைக் கொடுக்கவில்லை. அப்புறம் பிரேசில் 2-0 என்று ஜெயித்து, கோப்பையையும் தூக்கியது.

வில்மோட்ஸ் நடுக்கள ஆட்டக்காரர். 1990 முதல் 2002 வரை நாலு உலகக் கோப்பை அணிகளில் இருந்தவர். 1997இல் ஜெர்மனியின் ஷால்கே அணியோடு யூஈஎஃப்ஏ கோப்பை ஜெயித்தவர். ஆடி முடித்தபின் கொஞ்ச காலம் செனட்டர். 2009இல் தேசிய அணிக்குத் துணைப் பயிற்சியாளர், 2012இல் தலைமைப் பயிற்சியாளர். அவர் கையில் பெல்ஜியம் 2014 உலகக் கோப்பையில் கால் இறுதி வரை போனது, 2015 நவம்பரில் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்தது.

இதையெல்லாம் அந்த பெல்ஜியக்காரர் பேப்பர் பார்க்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "உங்க பக்கம் இப்படி ஆடிட்டு அப்புறம் கோச் ஆனவர் யார்?" என்று கேட்டார். நான் கல்கத்தாவின் பி.கே. பானர்ஜி பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தப்பான பதில் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, "உங்க பக்கம்" என்ற கேள்விக்கு இன்னும் கிட்டத்திலேயே ஒரு பதில் இருப்பது உறைத்தது. திருச்சிக்காரர், சைமன் சுந்தரராஜ். அவர் ஆரம்பித்து வைத்த ஒரு வேலையின் பலனை, பையனாக இருந்தபோது கோயமுத்தூரில் நானே பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது அது தெரியாது, அவ்வளவுதான்.

மொத்தமே பத்து கோல்

சைமன் சுந்தரராஜ் யார் என்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய கால்பந்து அணி ஆடிய ஒலிம்பிக்ஸ் நாலுதான்: 1948, 1952, 1956, 1960. இந்த நாலிலும் சேர்த்து இந்தியா அடித்தது பத்து கோல். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1948 லண்டனில் ஒன்று. பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற ஆட்டம். நம்மாட்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள், கிடைத்த இரண்டு பெனால்டியையும் தவற விட்டார்கள். அந்த ஒற்றை கோலை அடித்தவர் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சிங்கியில் ஒன்று, அகமத் கான் அடித்தது. அந்த ஆட்டத்தில் யூகோஸ்லாவியா அடித்தது பத்து. அதுக்கப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. 1956 மெல்போர்னில் ஐந்து. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நாலு, அதில் நெவில் டிசூசாவின் ஹாட்ரிக்கும் உண்டு. அரை இறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக ஒன்று, அதுவும் டிசூசா. அந்த வருஷம் இந்தியா நாலாவது இடம். 1960 ரோமில் மூன்று.

அந்த மூன்றில் கடைசி, அதாவது மொத்தப் பட்டியலில் பத்தாவது, சைமன் சுந்தரராஜ் அடித்தது. அதற்குப் பின் இந்திய கால்பந்து அணி ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறவே இல்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கடைசி கோல் என்றால் இன்றைக்கும் அவர் பெயர்தான்.

ரோம், 1960

அந்த அணிக்குக் கேப்டன் பி.கே. பானர்ஜி. சுனி கோஸ்வாமி, பலராம், ஜர்னைல் சிங், கோல் காக்க பீட்டர் தங்கராஜ். தங்கராஜ் ராணுவத்தில் வளர்ந்தவர். நம்ம குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955லும் 1958லும் டுராண்ட் கோப்பையை ஜெயித்ததே, அந்த அணியின் ஆள். நாட்டிலேயே பழைய போட்டியை நீலகிரியில் இருந்து போன ஓர் அணி இரண்டு தரம் ஜெயித்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். நம்ம பக்கத்துக்கு ஃபுட்பால் புதுசு இல்லை.

ரோமில் இந்தியா விழுந்தது கஷ்டமான குரூப். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஆகஸ்ட் 26, லாக்விலா நகரில் ஹங்கேரியோடு முதல் ஆட்டம். ஃப்ளோரியான் ஆல்பர்ட் இருந்த அணி அது. 1-2 என்று தோல்வி, நம்ம கோல் பலராம் அடித்தது. அந்த ஹங்கேரி கடைசியில் வெண்கலம் வாங்கியது. மூன்று நாள் கழித்து க்ரொஸ்ஸெத்தோவில் பிரான்ஸ். பானர்ஜி கோல் போட்டு இந்தியா முன்னால் இருந்தது. கடைசி பத்து நிமிடத்துக்குள் பிரான்ஸ் சமன் செய்தது, 1-1.

செப்டம்பர் 1, பெஸ்காராவில் பெரு. மூன்று கோல் வாங்கியாகிவிட்டது. 88ஆவது நிமிடத்தில் சுந்தரராஜ் ஒன்றைப் போட்டார். 3-1. ஆட்டம் முடிந்தது, ஒலிம்பிக்ஸும் முடிந்தது.

ஆட்டத்தின் முடிவை மாற்றாத கோல் அது. அடித்த நிமிடத்தில் அது ஒரு சரித்திரக் குறிப்பு ஆகும் என்று மைதானத்தில் ஒருத்தருக்கும் தோன்றியிருக்காது. அதற்குப் பின்னால் பதினோராவது கோல் வராததுதான் அதற்கு இந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. அதனால் சுந்தரராஜை இந்த கோலுக்காக மட்டும் நினைவு வைப்பது அவருக்கு நாம் செய்கிற முழு நியாயம் இல்லை என்பது என் கட்சி.

சொல்லிக் கொடுத்தவர்

அந்த அணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். 'மைதான்' என்ற இந்திப் படம் 2024இல் வந்தபிறகு இந்தப் பெயர் கொஞ்சம் பரவியிருக்கிறது. பட்டம் வாங்கிய பள்ளிக்கூட வாத்தியார். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்கள் இரண்டும் அவர் கையில் வந்தவை. 1963 ஜூனில் புற்றுநோயில் இறந்துபோனார்.

ரஹீமின் பயிற்சி முறைகளில் இரண்டு எனக்கு ரொம்பப் பிடித்தவை. ஒன்று, பந்தை உருட்டிக்கொண்டே ஓடக்கூடாது என்று விதி வைத்து நடத்தும் ஆட்டம். வந்த பந்தை உடனே அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் ஆட்டம். வலது காலாட்டக்காரன் இடது காலால் மட்டும் அடிக்கணும். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் "நல்லா ஆடு" என்று கத்துவதற்கும், ஒரு குறையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து அதற்கென்று ஒரு பயிற்சி அமைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது. சாஃப்ட்வேரில் இருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பிழையைக் கண்டுபிடிக்க மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பகுதியை மட்டும் ஓட்டிப் பார்ப்போம் இல்லையா, அதேதான்.

1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. கோச் வேலை என்பது ஓய்வுபெற்ற ஆட்டக்காரருக்கு மரியாதைக்காகக் கொடுக்கும் நாற்காலி என்பது போய், கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் நாட்டில் பரவத் தொடங்கிய காலம். ரஹீமிடம் ஆடிய தலைமுறை மெல்ல மெல்லப் பயிற்சியாளர்களாக மாறியது. பானர்ஜி கல்கத்தாவில் பெரிய பெயர் எடுத்தார். நம்ம திருச்சிக்காரர் போய்ச் சேர்ந்த இடம் கேரளா.

எர்ணாகுளம், 1973

சந்தோஷ் டிராபி 1941இல் தொடங்கிய மாநிலங்களுக்கு இடையேயான போட்டி. இன்றைக்கு ஐஎஸ்எல் பார்க்கிற பசங்களுக்கு அதன் மவுசு புரியாது. அந்தக் காலத்தில் ஒரு மாநிலத்துக்கு ஃபுட்பால் தெரியுமா தெரியாதா என்பதை அளக்கிற படி அதுதான். வங்காளம், ஹைதராபாத், மைசூர், பம்பாய் என்று ஜெயித்தவர்கள் வரிசை நீளம். 1956இல் உருவான கேரளா அதில் இல்லை. ஊருக்கு ஊர் செவன்ஸ் போட்டி, நெல் அறுத்த வயலில் எல்லாம் பந்து, ஆனால் கோப்பை மட்டும் இல்லை.

1973 போட்டி எர்ணாகுளத்தில் நடந்தது. கேரள அணிக்குப் பயிற்சியாளர் ஒலிம்பியன் சைமன் சுந்தரராஜ். கேப்டன் டி.கே.எஸ். மணி. துணைக் கேப்டன் டி.ஏ. ஜாபர். இந்த ஜாபர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவார்.

டிசம்பர் 27, மகாராஜாஸ் கல்லூரி மைதானம். இறுதி ஆட்டத்தில் எதிரே ரயில்வேஸ். அறுபதுகளில் மட்டும் மூன்று முறை இந்தக் கோப்பையை ஜெயித்த அணி அது. ஆட்டம் 3-2 என்று முடிந்தது. கேரளாவின் மூன்று கோலையும் அடித்தவர் மணி. அன்றிலிருந்து கடைசி வரை அவர் அங்கே 'கேப்டன் மணி'தான்.

ஹாட்ரிக் அடித்தவர் பெயர் நிற்கும், நிற்கணும். ஆனால் கோச் கணக்கு வேறு மாதிரி. ரோமில் இரண்டு ஆட்டங்களை ஒரே ஒரு கோலில் விட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சுந்தரராஜ். ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கல். பிரான்ஸுக்கு எதிராக ஜெயிக்க வேண்டியதைக் கடைசியில் விட்டது. 3-2 என்று ஓர் இறுதி ஆட்டம் போகும்போது, அந்த ஒரு கோல் வித்தியாசத்தைக் கடைசி விசில் வரை கையில் பிடித்துக்கொண்டிருப்பது எப்படி என்பதை, அதை ஒருமுறை நழுவ விட்ட இடத்தில் இருந்தவரைவிட யார் நன்றாகச் சொல்லியிருக்க முடியும்? இது என் ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம் என்றே நினைக்கிறேன்.

கோயமுத்தூர், 1992

இனி என் கதை. 1992இல் நான் பள்ளிக்கூடப் பையன். திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது, தனி மாவட்டம் ஆனதெல்லாம் 2009இல்தான். என் மாமா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், பந்தாட்டப் பைத்தியம். "கண்ணு, கெளம்பு. கோயமுத்தூர்ல சந்தோஷ் டிராபி பைனல்" என்றார். அம்மா திட்டத் திட்ட ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனோம்.

நேரு ஸ்டேடியத்தில் எங்களைச் சுற்றி முழுக்க மலையாளம். பாலக்காட்டில் இருந்து வந்த கூட்டம். கேரளாவும் கோவாவும் ஆடுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவிடம் கேட்டேன். "அவிங்க நாலு வருசமா பைனல் வந்து வந்து தோக்கறாங்கடா" என்றார்.

உண்மைதான். 1988இல் பஞ்சாபிடம், 1989இல் வங்காளத்திடம், 1990இல் கோவாவிடம், 1991இல் மகாராஷ்டிராவிடம். முதல் இரண்டும் பெனால்டி ஷூட் அவுட்டில் போனவை. எர்ணாகுளம் முடிந்து கிட்டத்தட்ட பத்தொன்பது வருஷம். நாலு வருஷம் தொடர்ந்து கோப்பைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வெறும் கையோடு திரும்பிய ஒரு கூட்டம் அன்றைக்கு என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு கேரளா 3-0. கேப்டன் வி.பி. சத்யன் கையில் கோப்பை. பக்கத்துப் பெரியவர் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா சொன்னார்: "நல்லா ஆடுனாங்க. நம்ம ஊர்ல நடக்குது, ஆனா நம்மாளுங்க பைனல்ல இல்லியே."

அந்தக் கேரள அணியின் பயிற்சியாளர் டி.ஏ. ஜாபர். 1973இல் சுந்தரராஜிடம் துணைக் கேப்டனாக இருந்த அதே ஜாபர். அடுத்த வருஷம் கொச்சியிலும் ஜெயித்து, தொடர்ந்து இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹைதராபாத் வாத்தியார் ரஹீம். அவரிடம் ரோமில் ஆடிய திருச்சி சுந்தரராஜ். அவரிடம் எர்ணாகுளத்தில் ஆடிய ஜாபர். அவரிடம் ஆடிய பசங்கள் கோயமுத்தூரில் என் கண் முன்னால் கோப்பை தூக்கியிருக்கிறார்கள். அந்தச் சங்கிலியின் நடுக் கண்ணி ஒரு தமிழர். "நம்மாளு இல்லியே" என்று வருத்தப்பட்ட மாமாவிடம் இதைச் சொல்ல அவர் இப்போது இல்லை.

கைமடி கணக்கு

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. பவர் டேபிளில் டெய்லர் தைக்கும்போது பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிறவரை எங்க ஊரில் கைமடி என்போம். சின்ன வயசில் கைமடியாகச் சேர்ந்து, சாப்பாட்டு இடைவேளையில் மெஷினில் உட்கார்ந்து பழகி, டெய்லராகி, பின்னால் சொந்தமாக நாலு மெஷின் போட்டவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். இந்த ஊர் வளர்ந்தது பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் தைத்த பனியனில் கம்பெனி லேபிள்தான் இருக்கும். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எந்த லேபிளிலும் எழுதமாட்டார்கள்.

கோச் வேலையும் அப்படித்தான். ஸ்கோர் கார்டில் அடித்தவர் பெயர் வரும். நான் எழுதுகிற புரோகிராமில்கூட எந்த வரியை யார் எழுதினார்கள் என்று பதிவாகும், அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று பதிவாகாது. அதனால்தான் சுந்தரராஜ் நமக்கு ஒரு கோலாக மட்டும் மிஞ்சியிருக்கிறார்.

அதே மைதானம், 2019

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2019 மார்ச் 9, அதே கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டு கிளப் ஒன்று தேசிய லீக் பட்டம் வாங்கியது. கோச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். கோல் மழை பொழிந்த பெட்ரோ மான்சியும் வெளிநாட்டுக்காரர். நன்றாக ஆடினார்கள், அதில் சந்தேகமே இல்லை. கேலரியில் இந்த முறை தமிழ்ச் சத்தம். மாமா இருந்திருந்தால் விசில் அடித்திருப்பார்.

ஆனால் 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. கோச் போய்விட்டார், ஆட்டக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். பட்டம் மட்டும் பட்டியலில் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1973இல் ஒரு கோப்பை வந்தது. அதில் ஆடியவர் ஒருவர் கோச் ஆகி, 1992இலும் 1993இலும் கோப்பை கொண்டு வந்தார். இன்றைக்குக் கேரளாவின் சந்தோஷ் டிராபி எண்ணிக்கை ஏழு. தமிழ்நாட்டின் எண்ணிக்கை இன்று வரை பூஜ்யம். ஒலிம்பிக்ஸில் ஆடிய ஆளை, பக்கத்து மாநிலத்துக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச்சை உருவாக்கிய மண் இது. இங்கே ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆடி முடித்தவர்களை அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார வைக்கிற ஏற்பாடுதான் இங்கே இல்லை.

முழுக்க இருட்டு என்றும் சொல்லமாட்டேன். நம்ம பெண்கள் 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன்ஷிப்பை ஜெயித்திருக்கிறார்கள். 2019இல் சேது எஃப்சி பெண்கள் லீக்கை ஜெயித்தது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். இந்தப் பெண்களில் நாலு பேர் நாளைக்குக் கோச் ஆனால், அவர்களிடம் நாற்பது பிள்ளைகள் பழகினால், இன்னும் இருபது வருஷத்தில் வேறு ஒரு சங்கிலி கிடைக்கும். அவர்கள் ஆடி முடித்ததும் ஓர் ஆபீஸ் வேலையில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தால், 2018உம் 2023உம் பட்டியலில் இரண்டு வரியாக நின்றுவிடும்.

பெல்ஜியக்காரருக்குப் போன வாரம் சாம்பிள் அப்ரூவல் விஷயமாக மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. ஜிஎஸ்எம், கலர் ஷேடு எல்லாம் எழுதி முடித்தபின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நீங்கள் அன்றைக்குக் கேட்டதற்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன், அவர் பெயர் சைமன் சுந்தரராஜ். மறுநாள் பதில் வந்தது. ஷேடு ஓகே, அடுத்த முறை வரும்போது அவரைப் பற்றி முழுசாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் முதலில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.